மூண்டு பேருக்குக் காய்ச்சின பியர்

1

வருசம் பிறந்தால் நான் செய்யிற முதல் வேலை சுங்கக் கந்தோருக்குக் கடிதம் எழுதுறது. ஊரிலை இருந்து இதை வாசிக்கிற ஆக்கள் பயப்பிட வேண்டாம், நான் கடத்தல் ஒண்டும் செய்யேல்லை. ஜேர்மனியிலை வீட்டுக்குள்ளை பியர் காய்ச்சலாம். வருசத்துக்கு இருநூறு லீற்றர் வரைக்கும் வரி இல்லை. விக்கக்கூடாது, காய்ச்ச முதல் சுங்கத்துக்கு ஒரு சொல் அறிவிக்கவேணும். சட்டம் அவ்வளவுதான்.

இந்த வருசத்துக் கடிதம் மூண்டு நாளாய்க் குசினி மேசையிலை கிடக்கு. போன வருசத்துக் கடிதத்தைப் பக்கத்திலை வைச்சுப் பாத்து எழுதிக்கொண்டு வந்தனான். ஒரு வரியிலை பேனை நிண்டிட்டுது. ஏன் நிண்டது எண்டு சொல்லுறதெண்டால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும்.

என்ரை பேர் தவராசா. டோர்ட்மண்டிலை இருக்கிறன். வீடுகளுக்கு வெப்பமூட்டி பூட்டுற கொம்பனி ஒண்டிலை பதினேழு வருசமாய்ப் பைப் வேலை. ஊரிலை கணக்கு வாத்தியாராய் வரவேண்டிய ஆள் எண்டு அம்மா சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவ. வாத்தியாராய் வந்திருந்தால் இவ்வளவு வடிவாய்ச் செப்புப் பைப் வளைக்கத் தெரிஞ்சிருக்காது, அது வேறை கதை.

மனுசி சுகந்தியும் மகள் ஆரணியும் லண்டனிலை. எங்கடை ஆக்கள் இஞ்சை இருந்து கனபேர் அப்பிடிப் போனவை. பிள்ளையள் ஆங்கிலத்திலை படிச்சால் உலகம் முழுக்கப் போகலாம், ஜேர்மன் மொழியை வைச்சுக்கொண்டு எங்கை போறது எண்டு ஒரு காய்ச்சல் எல்லா வீட்டுக்கும் வந்தது. எங்கடை வீட்டுக்கும் வந்தது. சுகந்தியின்ரை தமக்கை லண்டனிலை இருந்தவ. ஆரணிக்கு அப்ப பதின்மூண்டு வயசு. "முதல் நாங்கள் போறம், நீங்கள் ஒரு வருசத்திலை வாங்கோ" எண்டு சுகந்தி சொன்னா. நானும் ஓம் எண்டன். ஜேர்மன் பாஸ்போட் இருந்தபடியால் ஒரு கரைச்சலும் இல்லை, பேருந்திலை ஏறினமாதிரிப் போச்சினம்.

ஒரு வருசம் முடிய, பென்சன் கணக்குக்கு இன்னும் கொஞ்சம் வேலை செய்தால் நல்லது எண்டு நான் சொன்னன். இரண்டாம் வருசம் முடிய, லண்டன் வீடு சின்னன், பெரிசு ஒண்டு எடுத்தாப்போலை பாப்பம் எண்டு அவ சொன்னா. மூண்டாம் வருசம் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ஐம்பது தாண்டின ஆளுக்கு லண்டனிலை என்ன வேலை, பெற்றோல் நிலையத்திலை காசு வாங்குறதுதான். எண்டாலும் அவ ஒருநாள் ரெலிபோனை எடுத்து "வாங்கோ" எண்டு சொன்னால், அடுத்த நாளே வேலையை விடுறன் எண்டு கொம்பனிக்கு எழுதிக் குடுத்திட்டு வெளிக்கிடுறதெண்டு முடிவோடைதான் இருந்தனான். நானாய்க் கேக்க வெக்கமாய் இருந்தது. கலியாணம் கட்டி இருபது வருசத்துக்குப் பிறகு "நான் வரட்டோ" எண்டு என்னெண்டு கேக்கிறது.

2

பியரிலை எனக்கு ஆசை வந்து செப்புப் பைப்பிலை சுருள் செய்யேல்லை. சுருள் முதல் வந்தது, பியர் பிறகுதான் வந்தது.

என்னோடை வேலை செய்யிறவன் ஜென்ஸ். முப்பது வயசு இருக்கும், வாய் ஓயாத ஜேர்மன்காரன். கராஜிலை பியர் காய்ச்சுறது அவனுக்கு விசர். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் இஞ்சை நடந்து முடிஞ்ச மாரிகாலம், வேலை குறைஞ்ச ஒரு வெள்ளிக்கிழமை, செப்புப் பைப் ஒரு உருளை கொண்டுவந்து என்ரை காலடியிலை போட்டான்.

"தவா, நீ வளைச்சால் நெளியாது. எனக்கு ஒரு சுருள் சுத்தித் தா."

என்னத்துக்கு எண்டு கேட்டன். முளைச்ச பார்லியை ஊறவைச்சு எடுக்கிற இனிப்புத் தண்ணியை, கசப்புப் பூப் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்க வைக்கவேணுமாம். கொதிச்சது கெதியாய் ஆறவேணுமாம். தானாய் ஆறட்டும் எண்டு விட்டால் அரை நாள் போகும், அதுக்கிடையிலை காத்திலை இருக்கிற கண்ட கண்ட கிருமி விழுந்து புளிச்சுப்போகும். சுருளைக் கொதிக்கிற பானைக்கை இறக்கி, அதுக்குள்ளாலை பச்சைத்தண்ணி ஓட விட்டால் இருபது நிமிசத்திலை ஆறிடும். பிறகு நுரைக்க வைக்கிற ஈஸ்றைப் போடலாம்.

இதென்ன புதினம், நான் நாள் முழுக்கச் செய்யிற வேலையின்ரை மறுபக்கம். நான் சுடுதண்ணியைப் பைப்புக்குள்ளை விட்டு வீட்டைச் சூடாக்கிறன். இவன் பச்சைத்தண்ணியை விட்டுப் பானையைக் குளிராக்கிறான். எனக்கு அது பிடிச்சுக்கொண்டுது.

மெல்லிசுப் பைப். அவசரப்பட்டால் ஒரு இடத்திலை சப்பளிஞ்சுபோம், சப்பளிஞ்சால் தண்ணி ஓடாது. ஒரு முனையை அடைச்சு, காய்ஞ்ச மெல்லிய மணலைப் புனலாலை நிரப்பித் தட்டித் தட்டி இறக்கினன். பிறகு மற்ற முனையையும் அடைச்சுப்போட்டு, வெப்பமூட்டிக்குப் பூட்டுற சின்னத் தாங்கி ஒண்டைச் சுத்தி வளைச்சுக்கொண்டு வந்தன். பன்னிரண்டு மீற்றர், ஒரு நெளிவு இல்லை. இரண்டு முனையையும் பானை விளிம்புக்கு வெளியாலை வளைச்சு விட்டன். றப்பர் குழாய் பூட்டுற மூட்டு வெளியிலை இருக்கவேணும், அல்லாட்டி அது கசிஞ்சு பச்சைத்தண்ணி பானைக்கை விழும். ஜென்ஸ் அதை யோசிக்கேல்லை. பைப் வேலை செய்யிறவனுக்கு எங்கை ஒழுகும் எண்டதுதான் முதல் யோசினை.

உருளையிலை பாதி மிஞ்சிட்டுது. "உனக்கும் ஒண்டு சுத்து" எண்டான். சுத்தினன். வீட்டை கொண்டுவந்து குசினி மேசையிலை வைச்சன். பைப் கறுத்துக் கிடந்தது. பழப்புளியைக் கரைச்சு உப்புப் போட்டுத் தேய்ச்சன், சாமியறைச் செம்பை சுகந்தி தேய்க்கிற மாதிரி. பளிச்செண்டு வந்தது. ஆற வைக்கச் சுருள் இருக்கு, ஆறுறதுக்கு ஒண்டும் இல்லை. ஒரு கிழமை அப்பிடியே அதைப் பாத்துப் பாத்துச் சாப்பிட்டன்.

3

காய்ச்சுறதெண்டால் சுங்கத்துக்கு அறிவி எண்டு ஜென்ஸ் சொன்னான். "இரண்டு வரி எழுதிப் போடு."

இரண்டு வரி. அவனுக்கென்ன, இந்த மண்ணிலை பிறந்தவன். நான் இஞ்சை வந்து முதல் எட்டு வருசம், ஆறுமாசத்துக்கு ஒருக்கா நீட்டித் தாற கடுதாசியிலை இருந்தவன். ஒரு விண்ணப்பத்துக்குப் பிறந்த சாட்சிப்பத்திரத்தின்ரை மொழிபெயர்ப்பு இல்லை எண்டு திருப்பி அனுப்பிப் பத்து மாசம் இழுத்தவை. அண்டையிலை இருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்தக் கந்தோருக்கு எழுதினாலும் கேட்டதும் போகும், கேக்காததும் போகும்.

இதுக்கும் அப்பிடித்தான். பாஸ்போட் நகல், வதிவிடப் பதிவு, பிறந்த சாட்சிப்பத்திரம், அதின்ரை மொழிபெயர்ப்பு, வீட்டு ஒப்பந்தம், கொம்பனிக் கடிதம், கலியாணப் பதிவு. எல்லாமாய்ப் பதினொரு பக்கம். மேலை ஒரு கடிதம்: "மூண்டு பேர் உள்ள எங்கள் குடும்பத்தின் சொந்தப் பாவனைக்காக, இந்த முகவரியில், பியர் காய்ச்ச விரும்புகிறேன். தயவுசெய்து அனுமதி தரவும்." கனத்த உறை, நாலு முத்திரை ஒட்டினன்.

பிறகு அனுமதிக்குக் காத்துக்கொண்டு இருந்தன். மூண்டு கிழமை ஜென்ஸ் நாளுக்கு நாள் கேட்டான், காய்ச்சினியா, காய்ச்சினியா எண்டு. பதில் வரேல்லை எண்டன். அவன் சிரிச்ச சிரிப்பிலை ஏணியிலை இருந்து இறங்கவேண்டியதாய்ப் போச்சு. அறிவிச்சால் காணுமாம், அனுமதி எண்டு ஒண்டு இல்லையாம். அனுமதி இல்லாமல் ஒரு காரியம் இந்த நாட்டிலை செய்யலாம் எண்டு எனக்கு இருபது வருசமாய் ஒருத்தரும் சொல்லேல்லை.

அந்தக் கிழமையே பதிலும் வந்தது. பதினொரு பக்கமும் திரும்பி வந்தது. "உங்கள் அறிவித்தலைப் பதிவு செய்துள்ளோம். இணைப்புகள் தேவையில்லை." கீழை ஆரோ ஒரு உத்தியோகத்தர் பேனையாலை "நல்லாய் வரட்டும்" எண்டு எழுதியிருந்தார். கந்தோர்க் கடிதத்திலை கையெழுத்துக்கு மேலை ஒரு சொல் ஆரும் எனக்கு எழுதினது அதுதான் முதல்தரம். அந்தக் கடிதத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவிலை ஒட்டினன்.

4

முதல் காய்ச்சல் ஒரு சனிக்கிழமை. கோயில் பொங்கலுக்கு வாங்கின இருபது லீற்றர்ப் பானை. கடைசிப் பதினைஞ்சு நிமிசம் சுருளையும் உள்ளுக்கை இறக்கிக் கொதிக்க விட்டன், அதிலை ஒட்டியிருக்கிற கிருமியும் சாகட்டும் எண்டு. நெருப்பை நிப்பாட்டிக் குழாயைத் திறந்தன். ஒரு முனையாலை பச்சைத்தண்ணி போக, மற்ற முனையாலை ஆவி பறக்கச் சுடுதண்ணி வருது. கிணத்துத் தண்ணியிலை வளந்தவனுக்கு அதைச் சும்மா ஓட விட மனம் வருமே. குளியல் தொட்டிக்கை விட்டன். பத்தொன்பது நிமிசத்திலை பானை ஆறிட்டுது, தொட்டி நிரம்பிட்டுது. ஈஸ்றைப் போட்டு வாளியை மூடிப்போட்டு, நானும் தொட்டிக்கை இறங்கிக் கிடந்தன். மூண்டு வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அந்தத் தொட்டியிலை தண்ணி நிண்டது. தனி ஆளுக்கு ஆர் தொட்டி நிரப்புறது.

வாளியை வைக்க இடம் தேடினன். பதினெட்டு, இருபது பாகை வேணும். குசினி சூடு, என்ரை அறையும் சூடு. வடக்குப் பக்கம் இருக்கிறது ஆரணியின்ரை அறை. வெப்பமூட்டியைக் குறைச்சு விட்டிருந்தபடியால் அளவான குளிர். அவளின்ரை மேசையிலை, பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களை ஒதுக்கிப்போட்டு, வாளியை வைச்சன்.

வாளி மூடியிலை தண்ணி நிரப்பின சின்னக் குழாய் ஒண்டு பூட்டியிருக்கும். உள்ளுக்கை நுரைக்கேக்கை காத்து அதுக்குள்ளாலை வெளியிலை வரும். பின்னேரம் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிக்கிறன், அறைக்குள்ளை இருந்து "குளுக்" எண்டுது. திடுக்கிட்டுப்போனன். கொஞ்சத்தாலை திரும்பவும் "குளுக்." அடுத்த நாள் விடிய நான் எழும்ப முதலே அது எழும்பிட்டுது, நொடிக்கொருக்கா "குளுக், குளுக்" எண்டு ஒரே கதை.

உள்ளதைச் சொல்லுறன். நான் குடிக்கிறது வலு குறைவு. கிழமைக்கு ஒரு போத்தில், அதுவும் பாதி. அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் திரும்பத் திரும்பக் காய்ச்சினன். வேலையாலை வந்து திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்கேக்கை, மகளின்ரை அறையுக்கை ஏதோ ஒண்டு இருந்து சத்தம் போடும். ஒரு கிழமையாலை அது அடங்கும். அடங்கின வீட்டிலை இருக்க எனக்கு ஏலாமல் இருந்தது. அடுத்த சனிக்கிழமையே சுருளைப் புளி போட்டு மினுக்குவன்.

சுகந்திக்கு இதைச் சொல்லேல்லை. அதுக்குக் காரணம் இருந்தது.

5

பங்குனி மாசம் கேதீஸ் வந்தான். என்னிலும் பத்து வயசு இளமை, கோயில் வேலையெல்லாம் ஓடி ஓடிச் செய்யிறவன். தன்ரை மகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்யிற சாமத்தியவீட்டுக் காட் தர வந்தவன். குசினியிலை இருத்தித் தேத்தண்ணி குடுத்தன். அவன்ரை கண் தேத்தண்ணியிலை இல்லை. கழுவுற தொட்டிக்கு மேலை சுருள் காயக் கிடக்கு. பக்கத்திலை பெரிய பானை. கீழை போத்தில் வரிசை.

"தவம் அண்ணை, நீங்களோ?" எண்டான்.

"பியர் தம்பி. வீட்டிலை காய்ச்சலாம் இஞ்சை."

"ஓமோம், பியர்தான்." ஒரு கண்ணைச் சிமிட்டினான். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அண்ணை, பயப்பிடாதேங்கோ."

"அங்கை பார், சுங்கக் கடிதம் ஒட்டிக் கிடக்கு."

அவன் பாக்கேல்லை. யாழ்ப்பாணத்திலை பிறந்த ஒருத்தனுக்குப் பெரிய பானையையும் செப்புச் சுருளையும் ஒண்டாய்க் காட்டிப்போட்டு, இது கள்ளமாய்க் காய்ச்சுற கசிப்புச் சாராயம் இல்லை எண்டு சொல்லி நம்பப் பண்ண ஏலாது. வடிவாய்க் கையைக் குலுக்கிப்போட்டுப் போனான். பத்து நாள் பிடிச்சுது கதை லண்டன் போய்ச் சேர.

ஞாயிற்றுக்கிழமை வழமையாய் எடுக்கிற நேரத்துக்கு முதலே சுகந்தி எடுத்தா.

"வீட்டிலை கசிப்பு காய்ச்சுறியளாம்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னால் என்ன. சுருள் இருக்கோ, இல்லையோ?"

"இருக்கு. அது ஆற வைக்கிற சுருள், சுகந்தி. கசிப்புச் சுருளுக்கை ஆவி போகும், வெளியிலை தண்ணி நிக்கும். இதுக்குள்ளாலை போறதே தண்ணிதான்."

"எனக்குப் படிப்பிக்க வேண்டாம். அந்தச் சுருளுக்குத் தண்ணி மாத்தி வளந்தவள் நான்."

அவவின்ரை தேப்பன் வீட்டுப் பின்வேலியோடை கசிப்பு காய்ச்சினவர். சுருள் நிக்கிற பீப்பாவிலை தண்ணி சூடாக, அதை இறைச்சு ஊத்திப்போட்டுப் புதுத்தண்ணி நிரப்பவேணும். பத்து வயசிலை, பள்ளிக்கூடத்தாலை வந்து சட்டை மாத்த முதல், அவவுக்கு அதுதான் வேலை. தேப்பன் வித்ததிலும் பாக்கக் குடிச்சது கூட. அவவுக்குப் பதினாலு வயசிலை மனுசன் வயிறு ஊதிச் செத்துப்போனார். கலியாணம் பேசி வந்தபோது என்னட்டை அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி, நீங்கள் குடிப்பியளோ எண்டு. இதெல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் நான் மறைச்சனான். காய்ச்சினது பிழை இல்லை. சொல்லாமல் விட்டது பிழை.

"ஆரணிக்கு ஈஸ்ரருக்கு ரிக்கற் போட்டது எல்லோ," எண்டா, "அவள் வரமாட்டாள். அந்த வீட்டுக்கு நான் பிள்ளையை அனுப்பேல்லை."

ஆரணி கடைசியாய் இஞ்சை வந்து அப்ப இரண்டு வருசம். போன கோடை சோதினை, அதுக்கு முந்தின மாரி பள்ளிக்கூடச் சுற்றுலா. இந்த ஈஸ்ரர் எட்டு நாளுக்காகத்தான் நான் அந்த வருசம் முழுக்க லீவு சேத்து வைச்சிருந்தன். இதுவும் போனால், பிறகு அவள் வளந்திடுவாள், தன்ரை பாட்டிலை போயிடுவாள், இஞ்சை ஒரு அப்பன் இருக்கிறது வருசத்துக்கு ஒரு பிறந்தநாள் காட்டோடை முடிஞ்சிடும்.

அடுத்த நாள் வேலைக்குப் போக முதல் குளிர்ப்பெட்டியிலை இருந்த கடிதத்தைக் கழட்டி, நகல் எடுத்து, லண்டனுக்குத் தபாலிலை போட்டன். நாலாம் நாள் எடுத்தா.

"கடிதம் கிடைச்சுது. சீலெல்லாம் வைச்சிருக்கிறாங்கள்."

"ஓம்."

"சரி. பிள்ளை வருவாள்."

சந்தோசப்பட்டன், பொய் சொல்லேல்லை. அதோடை ஒரு கவலையும் வந்து குந்திக்கொண்டுது. இருபது வருசத்துக்கு முதல் கலியாணம் கட்டினவன் சொன்னதை அவ நம்பேல்லை. முகம் தெரியாத ஒரு சுங்க உத்தியோகத்தன் எழுதினதை நம்பினா. பிழை ஆரிலை எண்டு யோசிச்சுப் பாத்தன். கடுதாசியை நம்பச் சொல்லி அவவைப் பழக்கினதே நான்தான்.

6

ஆரணி என்னிலும் உயரமாய் வந்து இறங்கினாள். "ஹாய் அப்பா" எண்டாள். தமிழ் இருக்கு, ஆனால் நடுவிலை நடுவிலை நிண்டு சொல் தேடுறாள். அடுத்த நாள் காலமை பாண் வாங்க இரண்டு பேரும் போனம். சின்னனிலை அவள் தனியப் போய் வாங்கின கடைதான். வேணுமெண்ட பாணின்ரை பேர் அவளுக்கு வரேல்லை, விரலாலை காட்டினாள். கடைக்காரி பிள்ளையைப் பாத்து ஆங்கிலத்திலை விலை சொன்னா. டோர்ட்மண்டிலை பிறந்த பிள்ளைக்கு. வெளியிலை வந்து, "நான் ரூறிஸ்ற் மாதிரி, என்னப்பா" எண்டு சிரிச்சாள். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அம்மா சொன்ன அந்த மெஷினைக் காட்டுங்கோ."

சுருளைக் கையிலை குடுத்தன். திருப்பித் திருப்பிப் பாத்தாள்.

"இது வடிவாய் இருக்கு. நீங்களே செய்தனீங்கள்?"

"ஓம்."

"எனக்கும் காய்ச்சிக் காட்டுங்கோ."

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேருமாய்க் காய்ச்சினம். பார்லியைக் கிண்டினாள், வெப்பமானி பிடிச்சாள், கசப்புப் பூவை மணந்து முகத்தைச் சுழிச்சாள். சுருளை இறக்கினாப் பிறகு, தண்ணிக் குழாயைத் தான் திறக்கட்டோ எண்டு கேட்டாள். வேண்டாம், அதை நான் பாக்கிறன் எண்டன். ஏன் எண்டு அவளுக்குச் சொல்லேல்லை. அந்தப் பிள்ளை சுருளுக்குத் தண்ணி விட்டுது எண்டு ஒரு கதை லண்டனுக்குப் போகக்கூடாது. சுகந்திக்கு நான் வைச்ச மரியாதை அது. அவளிட்டை அகப்பையைக் குடுத்துப் பானையைக் கலக்க விட்டன், கலக்கினால் இன்னும் கெதியாய் ஆறும். பதினாறு நிமிசம். தொட்டி நிறையச் சுடுதண்ணி. அவள் போய் அதுக்குள்ளை ஒரு மணித்தியாலம் கிடந்து, பாட்டுப் பாடிப்போட்டு வந்தாள்.

ஈஸ்ற் போட்டாச்சு, வாளியை மூடியாச்சு. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கும் அவளின்ரை அறைக்கும் நடுவிலை நிண்டன்.

"எங்கை வைக்கிறனீங்கள் இதை?"

"உன்ரை அறையிலைதான். இப்ப நீ இருக்கிறாய், குசினியிலை வைப்பம்."

"அங்கையே வையுங்கோ," எண்டாள். அவளே போய் மேசையிலை இடம் எடுத்தாள். அந்த மேசையிலை வட்டமாய் ஒரு கறை கிடந்தது, வாளி வைச்சு வைச்சு வந்தது. அதை அவள் விரலாலை ஒருக்காத் தடவினாள்.

அடுத்த நாள் காலமை தலையெல்லாம் கலைஞ்சபடி வந்து மேசையிலை இருந்தாள்.

"அப்பா, அது நிப்பாட்டாமல் கதைச்சது."

"நித்திரை வரேல்லையோ? எடுத்து வெளியிலை வைக்கிறன்."

"இல்லை, பரவாயில்லை." தலைமயிரை ஒதுக்கிப்போட்டு, "கீழறையிலை நூறு போத்திலுக்கு மேலை கிடக்கு. நீங்கள் குடிக்கிறதில்லை. ஆரும் வந்து குடிக்கிறதுமில்லை. பிறகேன் காய்ச்சுறியள்?"

"சுருள் சும்மா கிடக்கெல்லே."

அவள் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தாள். பதினாறு வயசுப் பிள்ளைக்கு அப்பிடிப் பாக்கத் தெரியும் எண்டு நான் நினைக்கேல்லை. தமிழிலை சொல் தேடினாள், ஜேர்மனிலை தேடினாள், கடைசியிலை எழும்பி வந்து என்ரை தலையிலை கையை வைச்சுப்போட்டு முகம் கழுவப் போனாள்.

மிச்ச நாள் முழுக்க அவள் அந்தச் சத்தத்தோடை படுத்தாள். ஒன்பதாம் நாள் விமான நிலையத்திலை கொண்டுபோய் விட்டன். பியர் குடிக்கிற பதத்துக்கு வர இன்னும் ஒரு மாசம் செல்லும், வந்து குடி எண்டன். "கட்டாயம்" எண்டாள். வீட்டை வந்து கதவைத் திறந்தன். வாளி அடங்கிக் கிடந்தது. மூடிக் குழாயிலை தண்ணி அசையாமல் நிண்டது. அவளின்ரை கட்டிலிலை போய்க் கொஞ்ச நேரம் இருந்து அழுதன். எழுத வெக்கம்தான், ஆனால் நடந்தது அதுதான்.

7

அந்த ஞாயிறு சுகந்தி எடுத்தா. குரல் வேறை மாதிரி இருந்தது, சண்டைக்கு வாற குரல் இல்லை.

"பிள்ளை எல்லாம் சொன்னவள்," எண்டா.

"என்ன சொன்னவள்?"

"அப்பா குடிக்கேல்லை எண்டு. அப்பாவுக்கு வீட்டிலை சத்தம் வேணும், அதுக்குத்தான் காய்ச்சுறார் எண்டு."

அங்கை தொலைக்காட்சி ஓடுறதும், ஆரணி ஆருக்கோ ஆங்கிலத்திலை பதில் சொல்லுறதும் கேட்டுது. இப்ப சொல்லுவா எண்டு நினைச்சன். இவ்வளவும் தெரிஞ்சாப் பிறகு சொல்லத்தானே வேணும், வாங்கோ எண்டு. கொம்பனிக்கு எழுதுற கடிதத்தின்ரை முதல் வரிகூட மனதிலை வந்திட்டுது.

"இப்பவும் கேக்குதோ அந்தச் சத்தம்?" எண்டு கேட்டா.

"இல்லை. அண்டைக்கே நிண்டிட்டுது."

"அப்ப இன்னொண்டை வையுங்கோவன்."

மெல்லமாய்ச் சொன்னா. கசிப்பிலை தேப்பனைப் பறிகுடுத்தவ, சுருள் எண்ட சொல்லே காதிலை விழக்கூடாதெண்டு இருந்தவ. என்னிலை இரக்கப்பட்டு, தன்ரை பயத்தை ஒரு பக்கத்திலை வைச்சுப்போட்டுச் சொன்னா. கலியாணம் கட்டின நாளிலை இருந்து அவ எனக்குச் சொன்னதிலை அன்பான சொல் அதுதான் எண்டு நினைக்கிறன். அதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கினது, அவ "வாங்கோ" எண்டு இனிச் சொல்லமாட்டா எண்டு.

"ஓம், வைக்கிறன்" எண்டன். நானாவது "வரட்டோ" எண்டு கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. அவவும் நான் கேக்கட்டும் எண்டு இருந்தாவோ தெரியாது. ரெலிபோனை வைச்சம்.

ஆரணி அந்தப் பியர் குடிக்க வரேல்லை. வைகாசியிலை சோதினை, கோடையிலை ஒரு கடையிலை வேலை, மார்கழியிலை சிநேகிதியளோடை எங்கையோ பயணம். கோபம் இல்லை, அந்த வயசிலை நானும் வீட்டை விட்டு ஓடினவன்தான். அவள் கலக்கின பியரை வேறையாய் எடுத்து வைச்சிருக்கிறன். ஜென்ஸ் ஒண்டைத் திறந்து பாத்து, இதுதான் உன்ரையிலை திறம் எண்டான்.

இப்ப அந்தக் கடிதத்துக்கு வாறன். போன வருசத்தைப் பாத்துத்தான் எழுதுறன், திகதியை மட்டும் மாத்தினால் காணும். "மூண்டு பேர் உள்ள எங்கள் குடும்பத்தின்" எண்ட இடத்திலைதான் மூண்டு நாள் நிண்டன். சட்டம் அதைக் கேக்கேல்லை. எத்தினை பேர் எண்டு எழுதாமலே விடலாம். ஆனால் கந்தோருக்குப் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை, எழுதாமல் விட்டும் பழக்கமில்லை.

இண்டைக்குக் காலமை எழுதி முடிச்சன். "ஒரு ஆள் உள்ள வீட்டின் சொந்தப் பாவனைக்காக." இணைப்புகள் தேவையில்லை எண்டு அவை போன வருசமே சொல்லிப்போட்டினம். பாஸ்போட் நகல் வைக்கேல்லை, வீட்டு ஒப்பந்தம் வைக்கேல்லை. கலியாணப் பதிவை மட்டும் கையிலை எடுத்துக் கொஞ்ச நேரம் வாசிச்சன். பிறகு அதையும் திரும்பக் கோப்புக்கை வைச்சன்.

உறை மெல்லிசாய் இருக்கு. ஒரு முத்திரை காணும்.